இல்லாத நாட்டின் மண்

உலகில் இல்லாத நாடுகளுக்கும் நாட்டுப்படங்கள் உண்டு. 1516ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் மோர், 'உட்டோப்பியா' என்னும் கற்பனைத் தீவு ஒன்றைப் பற்றி நூல் எழுதினார். அந்நூலிலேயே அத்தீவின் படமும் மரச்செதுக்கு முறையில் அச்சிடப்பெற்றிருந்தது. 1881ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் பிரேமார் என்னும் மலையூரில் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மழையால் வெளியே செல்ல இயலாத நாள் ஒன்றில் தம் மனைவியின் மகனாகிய சிறுவனோடு அமர்ந்து ஒரு தீவின் படத்தை வண்ணந்தீட்டி வரைந்தார். அப்படத்தை நோக்கிக்கொண்டிருக்கையிலேயே அத்தீவில் உலவும் மாந்தர் அவர் மனக்கண்முன் எழுந்தனர். 'புதையல் தீவு' என்னும் புகழ்பெற்ற கதை அவ்வாறு பிறந்தது. அங்கே படமே தாய். கதை அதன் சேய். 1937ஆம் ஆண்டில் டோல்கீன் என்னும் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் 'ஹாபிட்' என்னும் கதையை வெளியிட்டபோது, கதை நிகழும் நிலத்தின் படங்களைத் தாமே வரைந்து சேர்த்தார்.

இல்லாத நாட்டை இருப்பதாக நம்மை நம்பச் செய்வது எது? எல்லைக் கோடுகளா? ஊர்ப் பெயர்களா? அவையும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றினும் வலியது ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் வட்டம் ஒன்று வரைந்து அதனுள் 'காடு' என்று எழுதினால், அங்கே காடு உண்டு என்பதை நாம் அறிகிறோம், அவ்வளவே. டோல்கீன் தம் படத்தில் இருட்காட்டை வரைந்தபோது, மரங்களை நெருக்கமாக நிரப்பி, இடையிடையே சிலந்தி வலைகளையும் தீட்டினார். அதனைக் காணும் சிறுவன் காட்டை அறிவதோடு அமைவதில்லை. அதனுள் புகுவதற்கு அஞ்சுகிறான். கோடு செய்தி சொல்கிறது. பரப்பு உணர்ச்சி ஊட்டுகிறது.

நிலத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தரும் தோற்றத்தை, அதன் சொரசொரப்பையும் வழவழப்பையும் மணலின் பொடித்தன்மையையும் பாறையின் முரட்டுத்தன்மையையும், ஓவியரும் கணினி வல்லுநரும் 'டெக்ஸ்சர்' என்பர். இக்கட்டுரையில் அதனைப் பரப்புக்கோலம் என்று வழங்குவோம். இன்று கற்பனை நாட்டுப்படம் வரைவோர் பெரும்பாலும் கணினியில் வரைகின்றனர். அவர்கள் பரப்புக்கோலங்களை எங்ஙனம் ஆக்குதல் வேண்டும், எங்ஙனம் அடுக்கி வைத்தல் வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பிறர் செய்தவற்றை ஆயிரக்கணக்கில் திரட்டி வைப்பவனைக் காட்டிலும், தன் கண்ணால் கண்டு தன் கையால் ஆக்கிய இருபது கோலங்களை ஒழுங்காக வைத்திருப்பவன் நல்ல படம் வரைவான் என்பதே அது.

இக்கருத்தைப் பலர் ஏற்பதில்லை. கேட்டவுடன் கிடைக்கும் பொருளை வருந்தி ஆக்குவானேன் என்பது அவர்கள் வினா. விடை காண்பதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

செப்புத் தகட்டில் கூரிய கருவியால் கீறி நாட்டுப்படம் அச்சிட்ட காலத்தில், நிலத்தின் தன்மையைக் காட்டுவதற்குக் கோடும் புள்ளியுமே துணை. மணலைக் காட்டப் புள்ளிகள்; சதுப்பைக் காட்டக் கிடைக்கோடுகளும் நாணற் குச்சங்களும்; கடலைக் காட்ட மெல்லிய வரிகள். மலைகளோ எறும்புப் புற்றுகள்போல வரிசையாக நிற்கும். அவற்றின் சரிவு எவ்வளவு என்பது படத்தைக் கொண்டு அறிய இயலாது. சாக்சனிப் படையைச் சேர்ந்த லேமான் என்பார் 1799ஆம் ஆண்டில் இக்குறையை நீக்க ஒரு முறை வகுத்தார். நீர் வழிந்தோடும் திசையில் சிறு கீற்றுகளை வரைதல் வேண்டும். சரிவு மிகுந்தால் கீற்றுத் தடித்தல் வேண்டும். சமநிலம் வெண்மையாகவே விடப்படல் வேண்டும். இதுவே அவர் வகுத்த நெறி. இந்நெறியால், படத்தின் கருமையை நோக்கியே ஒரு படைத்தலைவன் ஏறத்தகும் மேடு எது, ஏறத்தகாத செங்குத்து எது என்று உணர முடிந்தது. பின்னர், 1845 முதல் 1865 வரை சுவிட்சர்லாந்து நாட்டிற்காகத் தளபதி டியூஃபூர் வெளியிட்ட படவரிசையில், இக்கீற்றுகள் ஒரு பக்கத்திலிருந்து ஒளி வீழ்வதுபோல அமைக்கப்பட்டன. ஆல்ப்ஸ் மலைகள் தாளிலிருந்து புடைத்தெழுந்து நிற்பன போன்ற தோற்றத்தை அப்படங்களில் இன்றும் காணலாம்.

ஆகவே பரப்புக்கோலம் என்பது வெறும் அணி அன்று. அது செய்தியைச் சுமக்கும் மொழி. கீற்று ஒவ்வொன்றையும் வரைந்தவன், அது ஏன் அங்கே உள்ளது என்பதை அறிந்திருந்தான். இன்று கணினியில் ஒரு கோலத்தை எடுத்து நிலத்தின்மேல் விரிப்பது கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடுகிறது. அதனால் அது ஏன் அங்கே உள்ளது என்னும் வினா எழுவதற்கே பொழுது இல்லாமற் போய்விடுகிறது. விரைவு குற்றமன்று. வினா மறைவதே குற்றம். எங்கிருந்தோ எடுத்த பாறைப்படமும், வேறெங்கோ எடுத்த புல்வெளிப்படமும், மற்றொருவர் தீட்டிய கடலும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கையில், மூன்றும் மூன்று ஒளியில், மூன்று அளவில், மூன்று மனப்பாங்கில் நிற்கின்றன. அவற்றைக் காண்பவன் ஒரு நாட்டைக் காண்பதில்லை, ஒட்டுத்துணியைக் காண்கிறான்.

இனி, ஆக்கும் முறையைப் பார்ப்போம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒளிப்படம் எடுக்கும் கைபேசி ஒன்றும், 'ஜிம்ப்', 'கிரிட்டா' போன்ற விலையில்லா மென்பொருள் ஒன்றும் போதும். வேண்டுவது பார்க்கத் தெரிந்த கண்.

நாட்டுப்படம் என்பது பறவையின் பார்வை. மிக உயரத்திலிருந்து நோக்குவார்க்கு மரம் மரமாகத் தோன்றாது. எனவே காட்டைக் காட்டுவதற்குத் தரையில் நின்று காட்டைப் படம்பிடித்துப் பயனில்லை. மழைக்காலத்தில் கிணற்றின் உட்சுவரில் படரும் பாசியை அருகிருந்து படம்பிடித்தால் காடு கிடைக்கும்! அதன் சிறு மேடுகள் மரமுடிகளாகும். இடையிலுள்ள இருள் காட்டின் இருளாகும். தாளைக் கசக்கிப் பின் விரித்து, ஒரு பக்கத்தில் விளக்கை வைத்தால், முகடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர் எழும். நீர் வற்றிய குளத்தின் வெடித்த மண்ணில் பாலைநிலம் உண்டு. சுண்ணாம்பு உதிர்ந்த பழஞ்சுவரில் ஒரு கடற்கரை முழுவதும் உண்டு. நீர்வண்ணத்தைத் தாளில் தீட்டி, அது உலருமுன் சிறிது உப்பைத் தூவி, நன்கு உலர்ந்தபின் உதிர்த்துவிட்டால், உப்பு இருந்த இடமெல்லாம் வெண்பூக்கள் மலர்ந்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். பனிநிலத்திற்கு அதனினும் ஏற்ற கோலத்தை நான் கண்டதில்லை. பழமை வாய்ந்த தாள் வேண்டுமாயின், தேயிலை வடிநீரில் வெள்ளைத் தாளை நனைத்து உலர்த்துதல் போதும்.

படம் எடுப்பதற்கு வானம் மேகத்தால் மூடியிருக்கும் நாள் சிறந்தது. அன்று ஒளி எங்கும் ஒருபடித்தாய்ப் பரவும். வெயிலில் எடுத்த படத்தில் ஒரு மூலை வெளுத்தும் மற்றொரு மூலை கருத்தும் இருக்கும். அதனை அடுத்தடுத்து விரித்தால் வெளுப்பும் கருப்பும் சதுரங்கப் பலகைபோல மாறிமாறி வரும். கருவியைப் பரப்பிற்கு நேராகப் பிடித்தலும் இன்றியமையாதது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்துக் கல் பெரிதாகவும் மறுபக்கத்துக் கல் சிறிதாகவும் தோன்றும்.

எடுத்த படத்தில் ஒரு சதுரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்திற்கு 1000 படப்புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். இச்சதுரத்தை ஓடு பதிப்பதுபோல அடுத்தடுத்து வைத்தே பெரிய பரப்பை மூடுகிறோம். அப்போது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே தையல் தெரியும். ஒன்றன் வலப்பக்க விளிம்பும் மற்றொன்றின் இடப்பக்க விளிம்பும் பொருந்தாமையே காரணம். இதனை நீக்கும் வழி மிக அழகியது. சதுரத்தைப் பக்கவாட்டில் 500 புள்ளிகளும், கீழ்நோக்கி 500 புள்ளிகளும் நகர்த்துதல் வேண்டும். வெளியே தள்ளப்பட்ட பகுதி எதிர்ப்பக்கத்தில் வந்து புகுமாறு மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். இப்போது நான்கு விளிம்புகளும் படத்தின் நடுவில் ஒரு சிலுவைபோல வந்து சந்திக்கும். முன்பு மறைந்திருந்த குற்றம் கண்ணெதிரே வெளிப்பட்டு நிற்கும். அச்சிலுவையின்மேல், படத்தின் பிற பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துப் பூசி மறைத்துவிட்டால், புதிய விளிம்புகள் தாமே பொருந்திக்கொள்ளும். ஏனெனில் அவை முன்பு படத்தின் நடுவில் ஒன்றாக இருந்தவை. இப்பணியைத் தாமே செய்து முடிக்கும் கருவிகளும் உண்டு. ஆயினும் தொடக்கத்தில் கையால் செய்து பழகுதலே நன்று என்பேன். தையலை மறைத்தவனுக்கே தையல் எங்கே தோன்றும் என்பது தெரியும்.

தையல் மறைந்தாலும் மற்றொரு குற்றம் எஞ்சும். சதுரத்தில் வெண்கல் ஒன்று பளிச்சென்று இருந்தால், அது ஒவ்வோர் ஓட்டிலும் அதே இடத்தில் தோன்றும். பரந்த பாலைநிலத்தில் வெண்கற்கள் அணிவகுத்து நிற்கும் படைவீரர்போல நிற்கும். இயற்கையில் அத்தகைய ஒழுங்கு இல்லை. எனவே கண் அப்பொய்யை உடனே கண்டுகொள்ளும். பளிச்சென்ற பொருள்களை முதலிலேயே நீக்கிவிடுதல் ஒரு வழி. பள்ளியில் கற்ற கணக்கைத் துணைக்கு அழைத்தல் மற்றொரு வழி. 1000 புள்ளிச் சதுரம் ஒன்றையும் 700 புள்ளிச் சதுரம் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால், இரண்டும் கூடிய தோற்றம் 7000 புள்ளிகளுக்கு ஒருமுறையே திரும்ப வரும். 7000 என்பது 1000, 700 ஆகிய இரண்டின் மீச்சிறு பொது மடங்கு. 'ஏ4' தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக அச்சிட்டால், அதன் நீளம் 3508 புள்ளிகளே. ஆகவே அத்தாளில் கூட்டுக்கோலம் ஒருமுறையும் திரும்பி வாராது. மீச்சிறு பொது மடங்கினால் வாழ்வில் என்ன பயன் என்று கேட்கும் மாணவர் உண்டு. பாலைநிலத்தின் பொய்யை மறைக்கவும் அது பயன்படும்!

ஒளியைப் பற்றியும் இங்கே சொல்லுதல் வேண்டும். நாட்டுப்படங்களில் நிழல் தீட்டுவோர், ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வருவதாகக் கொள்வது நெடுநாளைய மரபு. சுவிட்சர்லாந்தின் எடுவார்டு இம்ஹோஃப் (1895–1986) இம்மரபை ஆராய்ந்து விரிவாக எழுதியவர். ஐரோப்பாவில் நண்பகல் ஞாயிறு தெற்கிலேயே நிற்கும். ஆதலின் இம்மரபு இயற்கைக்கு மாறானது. எனினும் ஒளியைக் கீழிருந்து வருமாறு தீட்டினால், பார்ப்போர் பலர்க்கும் மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தலைகீழாகத் தோன்றும். மேலிருந்து வரும் ஒளிக்கே நம் கண் பழகியிருக்கிறது. இதனை அறியாத ஒருவர், கோலம் திரும்பத் திரும்ப வருவதை மறைப்பதற்காகச் சில ஓடுகளைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். மணலையும் தாளையும் அவ்வாறு திருப்பலாம், கேடு இல்லை. நிழல் வீழ்ந்த பாறையைத் திருப்பினாலோ, பாதி மலைகள் குழிகளாகிவிடும். பிறர் செய்த கோலங்களைக் கலந்து பயன்படுத்துவோர்க்கு நேரும் இடர்களுள் இதுவே பெரிது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் விளக்கை வைத்திருப்பார்கள்.

வண்ணத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கோலத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்தலே நலம். வண்ணத்தை வேறோர் அடுக்கில் தீட்டி, அதன்மேல் கோலத்தை மெல்லியதாகப் படியவிட்டால், ஒரே பாசி பசுங்காடாகவும் ஆகும், இலையுதிர்ந்த காடாகவும் ஆகும். மெல்லியதாக என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். கோலம் ஊர்ப் பெயரைப் படிக்கவொட்டாமல் தடுக்குமாயின், அது எவ்வளவு அழகியதாயினும் குறைக்கப்படல் வேண்டும். உப்பு மிகுந்த கறியை எவரும் புகழ்வதில்லை.

கையால் ஆக்குதல் என்று கூறியதனால், கணினி தானே ஆக்கும் கோலங்களை நான் வெறுப்பதாக எண்ணிவிடலாகாது. கென் பெர்லின் என்னும் அமெரிக்கர், 1982இல் வெளிவந்த 'டிரான்' என்னும் திரைப்படத்திற்காகப் பணியாற்றியவர். கணினி ஆக்கிய உருவங்கள் பொறித்தன்மையோடு வழவழவென்று இருந்தமை அவருக்கு உவப்பளிக்கவில்லை. இயற்கையின் ஒழுங்கற்ற ஒழுங்கைக் கணக்கினால் ஆக்க முயன்று, அம்முறையை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்காக 1997இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது. கட்டங்களின் மூலைகளில் தற்செயலான எண்களை வைத்து, அவற்றை வழுக்கலாக இணைத்தால் மேகம்போன்ற மேடுபள்ளம் தோன்றும். அதன்மேல் அதிற்பாதி அளவுள்ள மேடுபள்ளம், அதன்மேல் அதனினும் பாதி என்று அடுக்கிக்கொண்டே சென்றால், மலைத்தொடரும் கடற்கரையும் உருவாகும். பெர்லின் கண்டதும் இயற்கையையே. கல்லைக் கண்டார், மேகத்தைக் கண்டார், அவற்றின் உள்ளிருந்த நெறியைக் கண்டார். இம்முறையில் கோலம் ஆக்குபவன், எந்த எண்ணை மாற்றினால் மலை முரடாகும் என்பதை அறிந்து மாற்றுகிறான். அதுவும் ஆக்கமே.

ஆக்கியவற்றை அடுக்கி வைத்தல் என்னும் பணிக்கு வருவோம். இதனைச் சிறு பணியாக எண்ணுவோர்க்கு ஸ்டீவன்சன் கதையின் பிற்பகுதியைச் சொல்லுதல் வேண்டும். புதையல் தீவை நூலாக வெளியிட முடிவானபோது, அவர் கையெழுத்துப்படியோடு முதற்படத்தையும் பதிப்பகத்தார்க்கு அனுப்பினார். அச்சுப்படிகள் வந்தன, படம் வரவில்லை. கேட்டபோது, படம் தங்களுக்குக் கிடைக்கவேயில்லை என்று விடை வந்தது. ஸ்டீவன்சன் திகைத்தார். அவரிடம் வேறு படி இல்லை. கதைக்கு வித்தாக இருந்த படத்தை, இப்போது கதையிலிருந்து மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. நூல் முழுவதையும் படித்து, தீவைப் பற்றிய குறிப்பு ஒவ்வொன்றையும் திரட்டி, கவராயத்தைக் கையிற்கொண்டு அளந்து அளந்து புதிய படம் வரைந்தார். தம் தந்தையாரின் அலுவலகத்தில் அதற்குத் திமிங்கிலங்களும் கப்பல்களும் சேர்ந்தன. 1883இல் நூலோடு வெளிவந்தது அப்படமே. ஆயினும் அது தமக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றியதில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். உலகமே போற்றிய படத்தை வரைந்தவர் உள்ளம், இழந்த படத்தையே எண்ணி ஏங்கியது.

கணினியில் இழப்பு இன்னும் எளிது. மூலப் படத்தின்மேலேயே திருத்தங்கள் செய்து சேமித்துவிட்டால் மூலம் மறைந்தொழியும். 'ஜேபெக்' என்னும் வடிவில் மீண்டும் மீண்டும் திருத்திச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் நுண்மை சிறிது சிறிதாகத் தேயும். 'பிஎன்ஜி' வடிவில் அத்தேய்வு இல்லை. எனவே மூலப்படம் ஓரிடத்தில் தொடப்படாமல் இருத்தல் வேண்டும். அதிலிருந்து ஆக்கிய கோலம் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இரண்டிற்கும் மற்றொரு படி வேறொரு கருவியில் இருத்தல் வேண்டும்.

கோப்புகளுக்குப் பெயர் இடுவதில் பலர் காட்டும் அலட்சியம் வியப்பளிப்பது. 'புதியது', 'புதியது இரண்டு', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்ற பெயர்களால் நிறைந்த கோப்புறைகள் நாட்டில் எத்தனை! ஆறு திங்கள் கழித்து அவற்றுள் எது பாறை, எது பனி என்று ஆக்கியவனுக்கே தெரியாது. 'பாசி–நெருக்கம்–1000–03' என்று பெயரிட்டால், பொருள் இன்னது, தன்மை இன்னது, அளவு இன்னது, வரிசை இன்னது என்பன திறவாமலே விளங்கும்.

எவ்வகையில் பகுத்து வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மரப்பட்டை, சுவர், துணி, தாள் என்று எடுத்த பொருளால் பகுப்பார் சிலர். அது பண்டகசாலைக்கு ஏற்கும், வரைவோனுக்கு ஏலாது. படம் வரையும்போது அவன் உள்ளம் 'எனக்கு மரப்பட்டை வேண்டும்' என்று எண்ணுவதில்லை. 'இங்கே வறண்ட குன்று வேண்டும்' என்றே எண்ணுகிறது. ஆகையால் மலை, காடு, வயல், கடல், மணல், பனி எனப் படத்தில் அது ஆகப்போகும் நிலத்தால் பகுத்தலே தகும். நிலத்தை இயல்பால் பகுத்துப் பெயரிடுதல், ஐந்திணை பயிலும் தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தி அன்று. எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்: நாள், இடம், பொருள், ஒளி வந்த திசை, செய்த திருத்தம். ஐந்து சொற்களில் முடியும் வேலை.

அளவும் கருதத்தக்கது. பக்கத்திற்கு 1000 புள்ளியுள்ள சதுரம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம், கணினியின் நினைவகத்தில் 40 இலட்சம் பைட்டு இடம் கொள்ளும். பக்கத்திற்கு 4000 புள்ளியாயின் 6 கோடியே 40 இலட்சம் பைட்டு வேண்டும். பக்கம் நான்கு மடங்கானால் இடம் பதினாறு மடங்காகிறது. மிகுதியாகத் திரட்டுவோர் கணினிகள் அடிக்கடி திணறி நின்றுவிடுவதற்கு இதுவும் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை கோப்புறைகளைத் திறந்து பார்த்து, ஒருமுறையேனும் பயன்படாதவற்றை நீக்கிவிடுதல் நலம். களை பறிக்காத வயலில் பயிர் எது?

பிறர் கோலத்தை ஒருபோதும் கொள்ளலாகாதோ என்று கேட்கலாம். கொள்ளலாம், உரிமையும் பெயரும் அறிந்து கொள்ளலாம். 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் அமைப்பு, தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த இசைவோர்க்காகப் பொது உரிமங்களை வகுத்து, 2002இல் வெளியிட்டது. ஆக்கியவர் பெயரைக் குறித்தால் போதும் என்பது ஒரு வகை. விற்பனைக்குப் பயன்படுத்தலாகாது என்பது ஒரு வகை. எடுத்து ஆக்கியதையும் அதே உரிமத்தில் பிறர்க்குத் தருதல் வேண்டும் என்பது ஒரு வகை. விலையின்றிக் கிடைப்பது அனைத்தும் நிபந்தனையின்றிக் கிடைப்பதாகாது. எங்கோ ஒருவர் மேகமூட்டமான நாளுக்காகக் காத்திருந்து, பாறையின்முன் மண்டியிட்டுப் படம் எடுத்து, தையலை மறைத்து உலகிற்கு அளிக்கிறார். அவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை மூலையில் பொறித்துக்கொள்பவன் செய்வது யாது? மேசைமேல் இருந்த எழுதுகோலை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்வதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

சொல்லைத் தந்தால் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இன்று வந்துள்ளன. 'பாசி படர்ந்த பாறை' என்று எழுதினால் நொடியில் பாறை வரும். அக்கருவிகளைப் பற்றிய வழக்குகள் பல நாடுகளில் தொடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் புகுவது இங்கு வேண்டா. ஒரு வினா மட்டும் எழுப்புவேன். குறிப்பேட்டில் 'எதிலிருந்து' என்னும் இடத்தில் எதனை எழுதுவது? எவர் எவர் படங்களைக் கண்டு அக்கருவி அப்பாறையைக் கற்றது என்பதை அதனைப் பயன்படுத்துவோன் அறிய இயலாது. அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். அந்த வெறுமை எனக்கு உவப்பாக இல்லை.

நாட்டுப்படக் கலையின் வரலாற்றில் அவ்விடத்தை நிரப்பிக் காட்டிய பெரியார் ஒருவர் உண்டு. ஆன்ட்வெர்ப் நகரத்து ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ், 1570ஆம் ஆண்டில் உலக நாடுகளின் படங்களை ஒரே அளவில் அமைத்து ஒரு தொகுதியாக வெளியிட்டார். இன்று நாம் 'அட்லஸ்' என்று வழங்கும் நூல்வகைக்கு அதுவே முன்னோடி. அவர் எல்லா நாடுகளுக்கும் சென்று அளந்தவர் அல்லர். பிறர் ஆக்கிய படங்களைத் திரட்டித் தம் நூலுக்கேற்ப மாற்றி வரைந்தவர். திரட்டியதனை அவர் மறைக்கவில்லை. தாம் பயன்படுத்தியவரும் தாம் அறிந்தவருமாகிய படவரைவாளர் 87 பேரின் பெயர்களை வரிசைப்படுத்தி அந்நூலிலேயே அச்சிட்டார். பின்வந்த பதிப்புகளில் அவ்வரிசை மேலும் வளர்ந்தது. அவருட் பலருடைய படங்கள் பின்னர் அழிந்தொழிந்தன; அவர்கள் வாழ்ந்ததும் வரைந்ததும் இன்று வரலாற்றாசிரியர்க்குத் தெரிவது ஓர்ட்டேலியசின் அந்த வரிசையால்தான்.

கற்பனை நாட்டுப்படம் ஒன்றில் எத்தனை பேருடைய கோலங்கள் வந்து சேர்ந்துவிடப் போகின்றன? பத்துப் பேர், மிஞ்சினால் இருபது பேர். அவர்கள் பெயர்களையும், கிணற்றுச் சுவரில் தான் எடுத்த பாசியையும் ஒரு சேர எழுதுவதற்கு, கடலின் கீழ்மூலையில் நான்கு விரற்கடை இடம் போதும்.